அப்பா எங்கே என்று நான் கேட்ட நாட்கள்

போன மாதம் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் எனக்கு போன் செய்தார். என்னைவிட முப்பது வயது சின்னவர். "அம்மா, செல்போன்ல புதுசா ஒரு படிவம் குடுத்திருக்காங்க. பிள்ளை பேசுதா, பேசலையான்னு ரெண்டே கட்டம். ஒரு பிள்ளை வீட்டுல பேசுதுங்கிறாங்க, இங்க வந்தா வாயே திறக்கல. நான் எதுலம்மா டிக் அடிக்கிறது?" என்று கேட்டார். வேலையில் இருந்தவரை எதற்கும் பட்டென்று பதில் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு மட்டும் "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்றுவரை இழுத்துவிட்டது. இது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால்வாடி டீச்சராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது பாபநாசம். அப்பா அரிசி மில்லில் கணக்கப்பிள்ளை. சுற்றிலும் வயல் இருந்தும் சேற்றில் கால் வைக்காமல் வளர்ந்தேன். பயிற்சி தஞ்சாவூரில் நாலு மாதம். கஞ்சி காய்ச்சவும், எடை போடவும், களிமண்ணில் பொம்மை செய்யவும், இருபது பாட்டை அபிநயத்தோடு பாடவும் சொல்லிக் கொடுத்தார்கள். பேச்சு வளர்ச்சி என்று ஒரு பாடம். அதற்கு ஒரு படம் தந்தார்கள். அம்மா அடுப்படியில் இருப்பாள், அப்பா ஏரோடு நிற்பார். படத்தைக் காட்டி ஒவ்வொரு பிள்ளையையும் தினம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உன் பெயர் என்ன? அம்மா எங்கே? அப்பா எங்கே? அதைச் சரியாகக் கேட்டுக் காட்டியதற்காக எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

முதல் வேலை நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். ஊர் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பஸ் ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடக்க வேண்டும். கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். பால்வாடி இருந்த தெற்குத்தெருவின் முகப்பில் இரண்டு கொடிக்கம்பங்கள் நின்றன. ஒன்றில் கருப்பு சிவப்பு, இன்னொன்றில் முழுச் சிவப்பு. தேர்தல் வந்தால் இரண்டும் சேர்ந்து பறக்கும், அறுவடை வந்தால் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும்.

அந்தத் தை மாதம் தெற்குத்தெருக்காரர்கள் அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். பண்ணைக்காரர் மறுத்து வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியிருக்கிறார். கைகலப்பு, மண்டை உடைப்பு, வழக்கு. நான் மாசியில் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஆண்கள் குறைவாகவே கண்ணில் பட்டார்கள். சிலர் ஜெயிலில். மற்றவர்கள் எங்கே என்றால் "தெரியாதுங்க டீச்சர்" என்பார்கள். அந்தத் தெருவில் அப்போது எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். நானோ காலையில் எழுந்து, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய், இருபத்திரண்டு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "அப்பா எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு எவ்வளவு புத்தி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சமர்த்து. "ஊருக்குப் போயிருக்கு" என்று ஒரே பாட்டாகச் சொல்லும். தாய்மார் சொல்லிக்கொடுத்த பதில். ஒரே ஒரு பிள்ளை மட்டும் எதுவுமே சொல்லாது. மலர்க்கொடி. அவளுடைய அப்பா முருகையன் செங்கொடி என்று பெயர் வைக்கச் சொன்னாராம். அம்மா அஞ்சலை கொடியை மட்டும் ஒத்துக்கொண்டு நிறத்தை மாற்றிவிட்டாள். நாலரை வயசு. வருகிற ஆனியில் ஐந்து முடிகிறது. பெரிய கண். கஞ்சியைச் சிந்தாமல் குடிப்பாள், பாட்டுக்குக் கை ஆட்டுவாள், சொன்ன வேலையைச் செய்வாள். பேச்சு மட்டும் கிடையாது. பெயரைக் கேட்டாலும் கிடையாது. நான் விடவில்லை. மற்ற பிள்ளைகளை ஒரு தடவை கேட்டால் அவளை ஐந்து தடவை கேட்பேன். தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். வெல்லத்தைக் காட்டிக் கேட்பேன். "சொல்லு கண்ணு, அப்பா எங்கே? அப்பா எங்கே?" இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அஞ்சலையைக் கேட்டேன். "பொறந்ததுலேருந்தே அப்புடித்தாங்க டீச்சர்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி தொடக்கத்தில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகள் இருந்தால் பட்டியல் அனுப்ப வேண்டும். ஐந்து வயது முடிந்தவர்களைத் தஞ்சாவூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள், ஆனி முடிவதற்குள் கொண்டுபோய் விட வேண்டும். என் கையில் ஒரு பெயர் தயாராக இருந்தது. கூப்பிட்டால் திரும்புகிறாளே, காது கேட்கிறதே என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. வாய் பேசாத என்று எழுதியிருக்கிறதல்லவா, போதும். அஞ்சலையிடம் சம்மதம் கேட்கப் போனேன். அழுவாள், மறுப்பாள், சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று வார்த்தையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு போனேன். அவள் உடனே, "கூட்டிட்டுப் போவட்டுங்க. எங்கிட்ட இருக்குறதுக்கு அங்க இருக்கட்டும்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெற்ற பிள்ளையை இப்படியா தூக்கிக் கொடுப்பாள் என்று அவள்மேல் கோபம் வந்தது.

பட்டியல் மேலே போவதற்கு முன்னால் முக்கிய சேவிகா பிள்ளையை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அந்த முறை ஞானசௌந்தரி அம்மா வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பால்வாடிகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. கனத்த உடம்பு, நரைத்த கொண்டை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கருப்புக் குடை. வாய்க்கால் கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். வந்தவுடன் ரிஜிஸ்டரைக் கேட்கிற அதிகாரிகளைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இவர் முதலில் தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்ப்பார், பிறகு பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பார், பிறகு என் நகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு பாய்கூட இல்லாமல் தரையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகள் கிட்டே வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. பத்து நிமிஷம் ஆனதும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்து, எந்தப் பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி, எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறது, எந்தப் பிள்ளைக்குப் புதிதாகத் தம்பி பிறந்திருக்கிறான் என்று வரிசையாகச் சொல்வார். முதல் தடவை நான் ஜோசியமோ என்று நினைத்தேன்.

முதல் மாதம் எடை போடுவதில் எனக்கு வந்த தொல்லையைத் தீர்த்தவரும் அவர்தான். கூரையில் தொங்கவிடுகிற வில் தராசு எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கொக்கியில் துணித் தொட்டில் மாட்டிக் குழந்தையை அதில் போட வேண்டும். தாய்மார் ஒருத்தியும் பிள்ளையைத் தரவில்லை. "ஆட்டுக்கறியா நிறுக்குறீங்க?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். நான் விதிமுறையைப் படித்துக் காட்டினேன். படித்த அளவுக்கு அவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஞானசௌந்தரி அம்மா வந்து, தொட்டிலைத் தாய் கையில் கொடுத்துவிட்டார். "நீயே போடு, நீயே முள்ளப் பாரு, இந்த மாசம் எங்க நிக்குது, அடுத்த மாசம் எங்க வந்துருக்குன்னு நீயே எங்களுக்குச் சொல்லு" என்றார். அதிலிருந்து எடை நாளென்றால் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பிள்ளை அவர்களுடையது என்பதை நாங்கள்தான் மறந்துபோயிருந்தோம்.

மலர்க்கொடி விஷயத்துக்கு வருகிறேன். ஞானசௌந்தரி அம்மா அதற்கு முன் வந்தபோது அவள் பால்வாடிக்கு வந்திருக்கவில்லை. அன்றும் கடிகாரம் தரைக்கு வந்தது. பிள்ளைகள் களிமண் பிசைந்துகொண்டிருந்தன. அம்மாவும் ஒரு உருண்டை எடுத்துப் பிசைந்தார். யாரையும் பார்க்காமல், தன்பாட்டுக்கு, "இது நண்டு. வளைக்குள்ள போவுது. ஐயோ, ஒரு காலு ஒடைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டார். மலர்க்கொடி களுக்கென்று சிரித்தாள். சத்தமாக, நல்ல குரலில். நான் அவளிடம் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. இதுதான் சமயம் என்று பாய்ந்து, "மலர், அம்மாகிட்ட சொல்லு, அப்பா எங்கே?" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பல் பதிந்த இடம் வெளுத்துப்போனது.

ஞானசௌந்தரி அம்மா என்னை வெளியே கூப்பிட்டார். கோபத்தில் அவருக்குக் குரல் உயராது, தாழும்.

"பேசத் தெரியாத பிள்ளை வாயைத் திறக்கும்மா. என்னமோ ஒரு சத்தம் வரும், கையைக் காலை ஆட்டும், எப்படியாவது சொல்லப் பாக்கும். இது உதட்டைக் கடிக்குது. வர்ற பேச்சை உள்ள புடிச்சு வச்சிருக்கு. நீ என்ன கேட்டே அதுகிட்ட?"

"பயிற்சியில சொன்னதுதாம்மா. அப்பா எங்கேன்னு."

"எத்தனை நாளா?"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "வா, தாயைப் பாத்துட்டு வருவோம்" என்று குடையை விரித்தார்.

அஞ்சலை களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். விசாரணை நடக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். ஞானசௌந்தரி அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உளுந்து நெற்றுகளை உரித்துக்கொண்டே தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "எம் மவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது அவங்க அப்பா செத்துட்டாரு. காய்ச்சல். அன்னைக்குக் காலையில இவன் மழையில வெளையாடிட்டு வந்து அவரு மேல படுத்திருந்தான். துக்கத்துல நான் அவனப் பாத்து, ஒன்னாலதாண்டா அவருக்குக் குளிரு கண்டுச்சுன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டு வருசம் அந்தப் பிள்ளை மழைன்னா கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சுக்கும்." அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உளுந்தை உரித்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை பொத்தென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

தை மாதம் கலவரத்துக்குப் பிறகு முருகையன் மூன்று நாள் வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்திருக்கிறார். நாலாம் நாள் உச்சிப்பொழுதில் போலீஸ் வந்தது. பெரியவர்களை மிரட்டிப் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும் சிரித்த முகத்தோடு குந்தி உட்கார்ந்து, மலர்க்கொடியிடம் பிஸ்கட்டை நீட்டி, "அப்பா எங்க பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவள் நல்ல வாயாடியாம். யார் கேட்டாலும் கணீரென்று பதில் சொல்லும் பிள்ளையாம். "அப்பா போருக்குள்ள ஒளிஞ்சு வெளையாடுது" என்று சொல்லிவிட்டாள். அவள் கண்ணெதிரேயே அவரை இழுத்துப் போட்டு அடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவுங்க போனப்பறம் எனக்கு வெறி புடிச்ச மாரி ஆயிடுச்சும்மா. புள்ளயப் போட்டு அடிச்சேன். ஒன் வாயாலதான்டி அப்பாவப் புடிச்சுட்டுப் போறாங்க, இனிமே ஒனக்கு அந்த வாயே வேணாம்டின்னேன். அன்னைக்கு மூடுன வாய்ம்மா. அப்பறம் நான் கால்ல வுழாத கொறையா, பேசு பேசுன்னு சொல்லிட்டேன். திறக்க மாட்டேங்குது. நான் அத வச்சுருக்க லாயக்கு இல்லம்மா. விடுதியிலயாவது நல்லா இருக்கட்டும்னுதான் கை வச்சேன்."

பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று அவள்மேல் கோபப்பட்டேனே, அதை நினைத்து அன்று களத்திலேயே என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஞானசௌந்தரி அம்மா அங்கேயே பட்டியலை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஆனி வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். ஆபீஸ்ல கேட்டா என்னையக் கேக்கட்டும்" என்றார். பிறகு எங்கள் இருவருக்கும் செய்ய வேண்டியதைச் சொன்னார். எனக்குச் சொன்னது ஒன்றுதான். அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. பேர் என்ன, பசிக்கிறதா, இது என்ன நிறம், ஒன்றும் கூடாது. போலீஸ் கேட்டதும் கேள்வி, நான் கேட்டதும் கேள்வி. பதிலுக்குக் காத்திருக்காமல், நடக்கிறதை அவள் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "பேசுன்னு சொல்லாதே. வெல்லம் காட்டாதே. பேசினாலும் ஆகா ஓகோன்னு குதிக்காதே."

அஞ்சலைக்குச் சொன்னது இரண்டு. நடவு, களை, அடுப்பு, எந்த வேலையானாலும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் என்ன செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். இன்னொன்று கஷ்டமானது. "நீ அன்னைக்குச் சொன்னது தப்புன்னு அதுகிட்ட சொல்லணும்."

"புள்ளகிட்டயா? நாலு வயசுப் புள்ளகிட்ட போயி நான் தப்புன்னு சொல்றதாம்மா?"

"பூட்டுனவதான் தெறக்கணும். வேற யாருகிட்டயும் சாவி இல்ல."

கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளையிடம் பேசுவது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊரில் பிள்ளையைப் பார்த்தாலே வாயில் வருவது கேள்விதான். யார் பிள்ளை நீ, என்ன சாப்பிட்டாய், அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா? முதல் வாரம் முழுக்க நான் பாதிச் சொல்லில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு பழகியது. "இப்ப கஞ்சி ஊத்துறேன். சூடா இருக்கு. மலருக்குக் கொஞ்சம் ஆறட்டும்." நாள் முழுக்க நானே எனக்கு ரேடியோச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். சமையல் ஆயா எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவில் சொல்லிவைத்தாள். அந்தப் படத்தையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

அஞ்சலை வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள், பிள்ளைக்கு முடி இறக்குவதாக. அனுமதி கேட்பதுபோல் ஞானசௌந்தரி அம்மாவிடம் வந்து நின்றாள். மாதாவிடம் போகிறேன் என்றால் மாதா கோயிலுக்குப் போகிற அவர் மறுக்க முடியுமா? "போயிட்டு வா. ஆனா எல்லாத்தயும் மாதா தலையில கட்டிட்டு நீ சும்மா இருந்துடாதே. பஸ்ஸுல ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே போ" என்று அனுப்பினார். மூன்றாம் நாள் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பிள்ளையோடு திரும்பி வந்தாள் அஞ்சலை. பேச்சு வரவில்லை. ஆனால் தாய் முகம் தெளிந்திருந்தது.

"சொல்லிட்டேன் டீச்சர். வூட்டுல சொல்ல வாய் வரல. அங்க மணல்ல ஒக்காந்து சொன்னேன். அது மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல, கடலப் பாத்துச் சொன்னேன். அம்மா சொன்னது தப்பு, ஒன் வாய் நல்ல வாயி, நீ பொய் சொல்லல, அம்மாதான் கோவத்துல பொய் சொல்லிட்டேன்னேன். அது ஒண்ணும் சொல்லல. எம் மடியில வந்து படுத்துக்கிச்சு. தையிலேருந்து அது எம் மடிக்கு வந்ததே இல்ல டீச்சர்."

சித்திரை பாதியில் முருகையன் ஜாமீனில் வந்தார். உயரமான ஆள், மேடையில் பேசினால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும் என்பார்கள். வீட்டில் பேச்சு வராத மனுஷர். நான்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நடந்தது அவருக்குத் தெரியாது. "எம் புள்ள சொல்லித்தான் புடிச்சாங்கன்னு நான் நெனச்சதே இல்லைங்க டீச்சர்" என்றார். ஞானசௌந்தரி அம்மாவின் கட்டளைப்படி தினம் சாயங்காலம் அவர் மகளோடு அரை மணி உட்கார்ந்து பேச வேண்டும், கேள்வி கேட்காமல். முதல் நாள் நான் பால்வாடிக் கதவைப் பூட்டும்போது எதிரே இருந்த அவர்கள் வீட்டு வாசலில் பார்த்தேன். மனுஷர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உழைக்கும் மக்கள் எல்லாம்" என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து அஞ்சலை, "கூட்டமா போடுறீங்க? புள்ளகிட்ட பேசுங்க" என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, பக்கத்திலிருந்த மண்வெட்டியை எடுத்து, "இது காம்பு. புளிய மரத்துல போட்டது" என்று தொடங்கினார்.

நாளாக ஆக அவருக்குப் பேச்சு வந்தது. கொல்லையில் கீற்று முடைந்துகொண்டே, வாய்க்கால் வெட்டிக்கொண்டே, அவர் சொல்லச் சொல்ல அவள் பக்கத்தில் குந்தியிருப்பாள். ஒருநாள் என் காதுபடச் சொன்னார். "ஒளிஞ்சது அப்பா. புடிச்சது அவுங்க. கேட்டதுக்கு நீ உள்ளதச் சொன்ன. அதுல ஒன் தப்பு என்னா இருக்கு?" சொல்லிவிட்டு, கேள்வி வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். மலர்க்கொடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடிக்கவில்லை.

ஆனாலும் பேச்சு வரவில்லை. வைகாசி போனது. ஆனி பிறந்தது. பட்டியல் ஏன் வரவில்லை என்று கேட்டு ஞானசௌந்தரி அம்மாவுக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதிவிட்டேன் என்றார், என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணும் ஆகலன்னா நான் அனுப்பித்தான் ஆகணும்" என்றார். அந்தக் கனத்த உருவம் வாய்க்கால் கரையில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் தடவையாக அவருக்கு வயசாகிவிட்டதென்று தோன்றியது. அஞ்சலை பிள்ளையின் இரண்டு பாவாடையைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் வைத்திருந்தாள். பையைக் கண்ணில் படாமல் பரணில் வைத்திருந்தாள்.

ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலுக்கும் வந்துவிட்ட வாரம். ஒரு நாள் முற்பகல். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தன. பால்வாடி வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கி உடுப்பு. தெருவில் அதுவரை இருந்த சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அஞ்சலை எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். புடைத்துக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தப் போலீஸ்காரர் கால் ஊன்றியபடி என்னைப் பார்த்து, "இங்க முருகையன்கிறது யாரு? எங்க இருக்காரு?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். படித்தவள், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள். தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தெரு எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கணீரென்ற குரல்.

"எங்கப்பாதான். கொல்லையில கீத்து முடையுது. கூப்புடவா?"

மலர்க்கொடி தட்டுக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தாள். கையெல்லாம் கஞ்சிப் பருக்கை. உதட்டில் பல் படவில்லை.

"கூப்புடு பாப்பா" என்றார் போலீஸ்காரர்.

அவள் தெருவைக் கடந்து, தாயைத் தாண்டி, சந்து வழியாக ஓடினாள். முருகையன் தோளில் துண்டோடு வந்தார். மகள் அவர் விரலைப் பிடித்திருந்தாள். போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வழக்கு வாய்தாவுக்குச் சம்மன். முருகையன் கையெழுத்துப் போட்டார். போலீஸ்காரர் அதை மடித்து வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். அஞ்சலை கொண்டுவந்த செம்பில் பாதி சிந்திவிட்டது. குடித்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். மலர்க்கொடி சைக்கிள் வாய்க்கால் முனை திரும்பும் வரை பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

குதிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்களே. நாங்கள் குதிக்கவில்லை. நான் கஞ்சிப் பானைக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் ஞானசௌந்தரி அம்மா வந்தபோது மலர்க்கொடி அவரிடம் நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டாள். அவர் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு கடிகாரத்தைக் கட்ட மறந்துவிட்டு எழுந்துபோனார், நான்தான் கரை வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பிள்ளைகள். எனக்கும் இரண்டு பிறந்தார்கள். கோபத்தில் நானும் அவர்களிடம் தகாத வார்த்தை சொல்லியிருக்கிறேன், மறுநாள் போய்த் தப்பு என்று சொல்லியும் இருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது என் மாமியார் சிரித்தார். படிவத்தைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்குச் சொல்கிறேன். டிக் எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளம்மா. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து பார். அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமல், உன்பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிரு. பிறகு அதன் தாயைப் போய்ப் பார்.

சம்மன் வந்த அன்று சாயங்காலத்தைச் சொல்லவில்லையே. பால்வாடியைப் பூட்டிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அஞ்சலை அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி அவள் முதுகில் தொற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துப் பேச்சு. சைக்கிள் மணி, கடல், மொட்டையடித்தவர் கையிலிருந்த கத்தி, நான் கஞ்சியைச் சிந்தியது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. புகை கண்ணைக் கரித்தது, ஈர விறகு பற்றவில்லை. பிள்ளை விடவில்லை. அஞ்சலை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அடியே, செத்த நேரம் வாய மூடேன்டி" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன மறுகணம் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் முருகையன் எழுந்து நின்றுவிட்டார். மலர்க்கொடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இரும்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள்.